தோசை தின்ற தரகர்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு தம்பதி.

“நம்ம வீட்டுத் தோசையைத் தின்னுட்டு, நமக்கு வீட்டை வித்தவருக்காகப் பேசியிருக்கான் அந்தத் தரகன்!” என்றார் மனைவி.

“மெதுவாப் பேசு, ராஜம்.”

“ஏன்? வீட்ல இருக்கறது வித்தவரோட மச்சான், கிரயம் ஆனதும் காலி பண்ணிடுவார்னு சொன்னானே! பார்த்தா வாடகைக்காரன். கோர்ட்டுக்குப் போய்க்கோங்கறான்.”

“தரகருக்கும் தெரியாம இருந்திருக்கலாம்.”

“அவன் வித்தவரோட ஆளு. பொண்ணு வீட்டுத் தரகன் பொண்ணோட குறையை மாப்பிள்ளை வீட்ல வந்து சொல்வானா? நமக்குன்னு ஒரு தரகரை வெச்சு அக்கம்பக்கத்துல விசாரிங்கன்னேன். தண்டச் செலவுன்னீங்க!”

ஆயுள் முழுக்கப் பத்திரங்களைப் பதிவு செய்தவன் நான். அந்த அம்மாள் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை.

“அதான் வக்கீலைப் பார்க்கப் போறோமே. காலி பண்ண வெக்கறதுல கெட்டிக்காரராம்.”

“யார் சொன்னது?”

கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “தரகர்தான்.”

அந்த அம்மாள் பத்திரப் பையை அவர் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்தார். “ஸ்வல்ப நில்லிசப்பா!” என்று கண்டக்டரைக் கன்னடத்தில் அதட்டி, பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

“நம்ம ஸ்டாப் இன்னும் வரலையே?”

“இறங்குங்க. வீடுதான் கைக்கு வரல, பத்திரமாவது நம்ம கிட்ட இருக்கட்டும்.”