பின்பக்கத்துப் பூக்கள்

தலைமை தாங்கும் தோட்ட மன்றத் தலைவர் அவர்களே! மன்றம் தளராமல் தாங்கி நிற்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மண்ணும் கையுமாய் வாழ்ந்து, இன்று கை கழுவி வந்து காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோர் முன்னும் தலை தாழ்த்துகிறேன்.

"வீட்டுத் தோட்டத்தில் பான்சிப் பூ வளர்ப்பது எப்படி?" போன ஆண்டு முதல் பரிசு வாங்கியவன் என்பதால் எனக்கு இந்தத் தலைப்பு. சொல்கிறேன். அது குளிரில் குதூகலிக்கும், கோடையில் குன்றிப்போகும். காலை வெயில் போதும். வாடிய பூவை வாடிய அன்றே கிள்ளுங்கள். விட்டால் செடி விதை கட்டப் போய்விடும், பூக்க மறந்துவிடும். பூ ஒவ்வொன்றும் ஒரு முகம். கண்டிப்பான வாத்தியார் போல நம்மையே பார்க்கும். அங்கே பின்னால் ஓர் அண்ணன் சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம்தான்.

இந்தப் பூவைத் தின்னலாம் என்று என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் தையல்காரி. மதியம் கடையிலிருந்து வந்தால் வெள்ளரிக்காய் நறுக்கி, மேலே நாலு பூவைக் கிள்ளிப் போட்டுச் சாப்பிடுவாள்.

நம் போட்டியின் முதல் விதி என்ன? பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. போன ஆண்டுப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு என் செடிகளில் அசுவினிப் பூச்சி அப்பியது. இலைக்கு அடியில், அதுவும் செடிகளின் பின்பக்கம், பச்சைப் பச்சையாய். ஒரு மூடி ஊற்ற வேண்டிய மருந்தை மூன்று மூடி ஊற்றினேன். யாருக்கும் தெரியாமல் அடித்தேன். அவளுக்கும் தெரியாமல் அடித்தேன்!

மறுநாள் மதியம் அவள் வாயில் நுரை தள்ளியது. தெருவில் நின்ற முதல் காரில் ஏற்றினோம். செயலாளர் அவர்களே, அது உங்கள் கார். வழியில் திக்கித் திணறி அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"போட்டிக்கு முன்பக்கம் அழகா இருக்கட்டும்னு... பின்பக்கத்துப் பூவைத்தாங்க கிள்ளினேன்..."

எனக்காகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளியிருக்கிறாள், ஐயா!

மருத்துவர் கேட்டார். "வீட்ல பூச்சி மருந்து ஏதாவது இருக்கா? சரியா சொல்லுங்க."

பக்கத்தில் செயலாளர் நின்றார். மறுநாள் போட்டி. நான் சொன்னேன், "இல்லைங்க டாக்டர். நாங்க எதுவும் அடிக்கிறதில்லை."

கோப்பைக்காகச் சொன்னேன்! இந்தக் கையகலக் கோப்பைக்காகச் சொன்னேன்! மனைவி மூச்சுக்குத் தவிக்க, மறுநாள் இதே மேடையில் மாலைக்குத் தலை குனிந்தேன். நீங்கள் கை தட்டினீர்கள். அதன் பிறகுதான் ஓடிப்போய் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். "இதை நேத்தே சொல்லியிருந்தா..." என்றவர் அவளிடம் ஓடினார்.

உயிர் வந்தது. வலது கை விரல்களுக்கு வரவில்லை. பழி வெள்ளரிக்காய் மேல் விழுந்தது, நான் விழ விட்டேன். அதை விற்ற காய்க்காரம்மாவைத் தெருவே சேர்ந்து திட்டியது. அந்தத் தள்ளுவண்டி இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை.

கொஞ்சம் இருங்கள் தம்பி, துண்டுச் சீட்டு வேண்டாம், முடித்துவிடுகிறேன்.

இன்று காலை இந்தச் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது. "மேடைக்குப் போறீங்க, குடுங்க" என்றாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, ஆறு தடவை. "நீங்களே கோத்துக் குடுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உடைந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் அழவில்லை. ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள். "என்கிட்ட சொன்னா ஆச்சா? மைக்குல சொல்லிட்டு வாங்க. அந்தக் காய்க்காரம்மா வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்க. கதவைத் திறக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கிறேன்."

தோட்டக்காரர்களே! பரிசு போனால் அடுத்த பருவம் வரும். விரல் போனால் எந்தப் பருவத்தில் முளைக்கும்? செடியில் மருந்து அடித்தால் வீட்டில் சொல்லுங்கள்! வாய்விட்டுச் சொல்லுங்கள்! வெட்கம் பிடுங்கித் தின்றாலும் சொல்லுங்கள்!

தயவுசெய்து கை தட்டாதீர்கள். கோப்பையை இந்த மேசையில் வைக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த காதுகளுக்கு நன்றி. பொத்தான் இல்லாத இந்தச் சட்டையோடு முதலில் காய்க்காரம்மா வீட்டுக்குப் போகிறேன். அதன் பிறகு என் வீட்டு வாசலில் போய் நிற்பேன். வணக்கம்.