ரோட்டை வளைத்த அப்பா

பெசமினோ: ...எங்கப்பா செத்துப் பதினோரு வருஷம் கழிச்சு, படுத்த இடத்தை விட்டு அசையாம, அரசாங்க ரோட்டைத் திருப்பி அனுப்பினாரு தங்கச்சி.

மரேகோ: பெரியவரே, கப்பல் கீழ்த்தட்டுல எங்க மாப்பிள்ளை சவப்பெட்டில இருக்காரு. என் தங்கச்சிகிட்டப் போய் கதை அளக்காதீங்க.

சலோமே: சொல்லட்டும்ணே. சவாயித் தீவுக் கரை வர்றதுக்குள்ள நான் முடிவு பண்ணணும். என் வீட்டுக்காரரை நம்ம வாசல்ல புதைக்கறதா, பொதுக் கல்லறைக்குக் கொண்டுபோறதான்னு.

மரேகோ: பொதுக் கல்லறைதான். உன் வாசலை ரோட்டுக்கு எடுக்கப் போறாங்க. அப்புறம் தோண்டி எடுன்னு வந்து நிப்பாங்க.

பெசமினோ: எங்க வாசலுக்கும் வந்தாங்களே. இதே கப்பல்ல முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழிச்சவன் சொல்றேன்... தேவாலய உசரத்துக்கு ஒரு புல்டோசர்.

மரேகோ: அவ்வளவு உசரம் இல்ல.

சலோமே: உனக்கெப்படித் தெரியும்?

மரேகோ: நானும் புல்டோசர்தானே ஓட்டறேன். எல்லாம் ஒரே உசரம்தான்.

பெசமினோ: ஓட்டி வந்தவன் நல்ல பசில இருந்தான். என் வீட்டுக்காரி ஈரப்பலாவைச் சுட்டு, தேங்காய்ப்பால் ஊத்திக் கொடுத்தா. நாப்பது தின்னான்.

மரேகோ: நாலு.

சலோமே: அண்ணே?

மரேகோ: அதுக்கு மேல... ஒரு மனுஷன் வயிறு தாங்காதுன்னு சொன்னேன்.

பெசமினோ: கூரைக்குக் கீழ ஒரு சிமெண்டு மேடை. பாய் விரிச்சு, சுத்தித் துணி காயப் போட்டிருந்தோம். சில்லுனு இருக்கேன்னு படுத்துட்டான். அவன் குறட்டைக்கு எங்க கோழியெல்லாம் அடுத்த தீவுக்குப் பறந்துருச்சு.

மரேகோ: குறட்டையெல்லாம் சும்மா.

பெசமினோ: எழுந்து, கல்லறை எதுங்கன்னு கேட்டான். இவ்வளவு நேரம் நீ எங்கப்பா மடிலதான் தம்பி தூங்கினேன்னேன்.

சலோமே: ஐயையோ...

பெசமினோ: தின்னது அவர் வீட்டுச் சோறு, தூங்கினது அவர் மடி. அவரையே எப்படித் தோண்டறது? மறுநாள் விடியறப்ப வந்தான். நம்ம தீவு வழக்கப்படி தலையோட கால் நல்ல பாயாப் போர்த்திக்கிட்டு, கொலைக்கு மன்னிப்புக் கேக்கறவன் மாதிரி எங்கப்பா முன்னாடி உக்காந்தான். மூணு நாள்.

மரேகோ: மத்தியானம் வரைக்கும்... இருந்திருப்பான். எந்த டிரைவரும் அப்படிப் பண்ண மாட்டான். வேலை போயிரும்.

பெசமினோ: மன்னிச்சாச்சுன்னு நான் பாயைத் தூக்கிவிட்டேன். நேரா இஞ்சினியர்கிட்டப் போனான், இதை நான் தொட மாட்டேன்னான். அப்புறம் எவனும் ஏறல. சீட்டுல எங்க கோழி முட்டை போட்டுது.

சலோமே: கோழிதான் பறந்துருச்சே?

பெசமினோ: திரும்பி வந்துச்சு, விடு. கடைசில ரோடு போற கோட்டையே மாத்திப் போட்டாங்க. இன்னிக்கும் ஒவ்வொரு பஸ்ஸும் எங்கப்பா முன்னாடி வளைஞ்சுதான் போகுது.

சலோமே: அந்த டிரைவர் யாரு?

பெசமினோ: பாயைத் தூக்கினப்புறம் பேரைச் சொல்லக் கூடாதும்மா.

சலோமே: கரை வந்துருச்சுண்ணே. நீயே சொல்லு, இதெல்லாம் நடந்திருக்குமா?

மரேகோ: பையை எடு, இறங்கலாம்.

சலோமே: அண்ணே?

மரேகோ: நடந்ததுதான் சலோமே. பலா நாலுதான்... மத்தபடி நடந்தது. அந்தப் பாய்க்கு அடியில இருந்தவன் நான். மாப்பிள்ளையை வாசல்லயே வை. வண்டி வந்தா, ஓட்டறவனுக்கு முதல்ல சோறு போடு.