பதினைந்தாவது நிமிடம்

பதினோரு நாள் ஆனது. பழைய கம்ப்யூட்டரைக் கையைக் கடிக்காத செலவில் புதுப்பிப்பதென்றால் அவசரப்படக் கூடாது. நான் எதிலும் அவசரப்படுகிறவள் இல்லை.

தம்பி அதில் சுட்டுத் தள்ளும் விளையாட்டு ஆடுவான். பெரிய கில்லாடி என்று வீடே சொல்லும். வெளியூர் அணி ஒன்று சம்பளத்துக்கு ஆள் எடுத்தது. தேர்வு ஆட்டங்களை வீட்டிலிருந்தே ஆடலாம். எனக்கும் வெளியூரில் ஓர் ஆய்வக வேலை காத்திருந்தது. ஆனால் அப்பா படுத்த படுக்கை.

"என்னால ஒத்தையா அவரைத் தூக்க முடியாது. அவன் ஜெயிச்சா அவன் போகட்டும். இல்லன்னா நீ போ" என்றாள் அம்மா. மிக நியாயமான தீர்ப்பு. என் பட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

"இந்த டப்பா ரொம்பத் திக்குதுக்கா. நீதான படிச்சவ, ஏதாச்சும் பண்ணேன்" என்றான் தம்பி.

பண்ணினேன். ரேமை இரட்டிப்பாக்கினேன். யாரோ ஆடிச் சலித்த கிராபிக்ஸ் கார்டைப் பேரம் பேசி வாங்கினேன். பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலர் மட்டும் புத்தம் புதிது. உலோகத்தோடு உலோகம் ஒட்டினால்தான் சூடு இறங்கும். இறங்காவிட்டால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத புத்தி. கல்லூரியில் என் ஆய்வே வெப்பக் கடத்தல்தான் என்பதால், கூலரை நானே மாட்டினேன்.

கம்ப்யூட்டர் பறந்தது. "தெய்வம்க்கா நீ" என்றான். நான் மறுக்கவில்லை. அப்பாவின் தூக்கம் கெடும் என்று பத்து நிமிடத்துக்கு மேல் சோதிக்கவும் விடவில்லை.

தேர்வு ஆட்டம் ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். ஆறிலும் பதினைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு எதிரிகள் அவனைச் சல்லடையாக்கினார்கள். இயந்திரம்தான் புதுப்பித்ததாயிற்றே, பழி அவன் கையின் மேல் விழுந்தது. விரல் மந்தமாகிவிட்டது என்று அவனே முடிவு கட்டினான். நரம்பு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ஆட்டோவுக்கும் நானே கொடுத்தேன்.

"கையை நீட்டுங்க. நடுங்கலையே?" என்றார் டாக்டர்.

"உள்ள நடுங்குது டாக்டர்."

மாத்திரை எழுதினார். பகலெல்லாம் தூங்கி வழிகிறான், பேச்சு குழறுகிறது. வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிறேன். அக்கா என்று ஒருத்தி வேறு எதற்கு இருக்கிறாள்?

நாளை ஆய்வகத்துக்குப் புறப்படுகிறேன். இன்று காலை நான் பெட்டி அடுக்கும்போது, தம்பி அப்பாவைத் துடைத்துப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றான்.

"டாக்டர் மாத்திரையைக் கூட்டப்போறாராம்க்கா. ஒருவேளை... கம்ப்யூட்டர்லயே ஏதாச்சும் தப்பு இருந்திருக்குமா?"

எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. இத்தனை நாளில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

"புது கூலருக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும்டா. அதை உரிச்சிட்டுதான் மாட்டணும். நான் வேணும்னேதான் உரிக்கல."