திரும்பி வராத நாற்காலிகளைத் தேடிப் போனவருக்கு

கேட்பதில் சலியாத செவியும், கேட்டபின் கனியும் நெஞ்சும் வாய்க்கப்பெற்ற எங்கள் கள ஆய்வாளர் அம்மையாரே! ஒழுகும் பள்ளிக்கு ஓடும், ஒதுங்கி நின்ற பிள்ளைக்கு ஒரு பெஞ்சும், ஓய்ந்துபோகவிருந்த சிறு அமைப்புகளுக்கு ஓர் ஊன்றுகோலும் நம் அறக்கட்டளையின் கையால் கிடைக்க, எங்களுக்கெல்லாம் முன்னே படியேறிப் பார்த்துவந்த பாதங்களுக்கு உரியவரே! பணிநிறைவு பெறும் இந்நன்னாளில் தங்களுக்கு எங்கள் அன்பு கனிந்த வணக்கம்!

இன்னும் அரைப் பக்கத்துக்கு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். அடித்துவிட்டோம். அடுத்த அடைமொழியைப் படித்திருந்தால் தாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏன், அப்படி என்ன செஞ்சுட்டேன்?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே! அந்தப் பதிலையே இந்த அவைக்கு ஒரு கதையாகச் சொல்லத் துணிந்தோம். கதையில் தங்களை 'அக்கா' என்றே குறிப்பிடுவோம். அலுவலகத்தில் அழைப்பதும் அப்படித்தான். தாங்கள் அறையைத் தாண்டியதும் அது 'ஏனக்கா' ஆகிவிடும் என்பது தங்களுக்கும் தெரியாததல்ல.

அவையோரே! நம் அறக்கட்டளையிடம் நிதியுதவி பெறும் அமைப்புகளில் ஒன்று, நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுக்கும் சிறிய சங்கம். தேவை தீர்ந்ததும் நாற்காலியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நடத்துபவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். புது நாற்காலிகள் வேண்டும் என்று அவர் மீண்டும் விண்ணப்பித்தபோது, பார்வையிடப் போனார் அக்கா. சங்கத்தின் கொட்டகை துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது.

"போன நாற்காலி ஒண்ணும் திரும்பலைம்மா," என்றார் கண்டக்டர். "போய்க் கேட்டா ஒடஞ்சு போச்சுங்கறாங்க, தொலைஞ்சு போச்சுங்கறாங்க. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியும்மா. இவங்க எல்லாருமே பொய் சொல்றாங்க. ஏன்னுதான் தெரியலை. பேசாம இழுத்து மூடிடலாம்னு பார்க்கிறேன்."

நிதிக்குழுவுக்கும் அதே எண்ணம்தான். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழுத் தலைவர் மரக்கடை நடத்துபவர். மனசு பஞ்சு, பேச்சு மட்டும் தேக்கு. "கொடுத்ததைக் காப்பாத்தத் தெரியாதவங்களுக்கு மறுபடியும் கொடுக்கிறதா? அடுத்த கூட்டத்துல இதை முடிச்சிடுவோம்," என்றுவிட்டார். அந்தச் சங்கத்துக்கு முதலில் பரிந்துரை செய்தவர் அக்கா. அவருடைய சொல் ஒருமுறை பொய்த்துவிட்டால், பிறகு அவர் எந்தப் பள்ளிக்காகப் பேசினாலும், எந்தச் சங்கத்துக்காகப் பேசினாலும் குழு காதுகொடுக்குமா?

வேறொருவராயிருந்தால் கைகழுவியிருப்பார். அக்காவுக்கோ, 'ஏன்னுதான் தெரியலை' என்ற அந்த ஒரு சொல் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல் உறுத்திக்கொண்டேயிருந்தது. உடைந்தது என்றால், உடைந்த நாற்காலி எங்கே? விற்றார்கள் என்றால், வாங்கியவர் யார்? மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்.

முதலில் போனது ஒரு பெயிண்டர் வீட்டுக்கு. ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர் இப்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்.

"நாற்காலி எங்கே தம்பி?"

"ஒடஞ்சு போச்சுக்கா."

"ஒடஞ்சது எங்கே?"

"அது... ஒடஞ்சே போச்சுக்கா."

அக்கா வற்புறுத்தவில்லை. வாசற்படியில் மட்டும் கண் நின்றது. நாற்காலி ஏறி இறங்கச் சாய்வாகப் போட்டிருந்த பலகையைக் காணோம். பலகை கிடந்த இடத்தில் நீலச் சாயம் கோடாக அப்பியிருந்தது. தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அடுத்த தெருவில் ஒரு தையல்காரம்மா வீட்டு வாசலில், அதே நீலத்தில், ஒரு பலகை சாய்ந்து கிடந்தது! பலகை போன வழியில்தானே நாற்காலியும் போயிருக்கும்?

கதவைத் தட்டினார். ஒரே அறை, தையல் மெஷின், கட்டில், நடுவில் நடக்க ஓரடி இடம். ஜன்னலோரமாகச் சங்கத்தின் நாற்காலியில் தையல்காரம்மாவின் கணவர், ஒரு பக்கம் கைகால் விழுந்துபோனவர், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்காவோ நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கைப்பிடிக்கு மெத்தை யார் தச்சது?"

"நான்தான்க்கா."

"இந்தத் தட்டு?"

"அது எங்களுக்கு முன்னாடி வச்சிருந்த வீட்டுல போட்டது. தட்டு வச்சுச் சாப்பிட."

"முன்னாடின்னா, பெயிண்டர் வீட்டுலயா?"

"இல்லக்கா, நடுவுல இன்னொரு வீடு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏம்மா சங்கத்துல திருப்பிக் குடுக்கலை?"

தையல்காரம்மா கணவரைப் பார்த்தார். பிறகு மளமளவென்று கொட்டிவிட்டார். "குடுத்தா, நாங்க புதுசா மனுப் போட்டு, டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி, எங்க முறை வர்ற வரைக்கும் இந்த மனுஷன் கூரையைப் பார்த்துட்டே கிடக்கணும். பெயிண்டர் எழுந்து நடந்த அன்னிக்கே நாற்காலி அடுத்த வீட்டுக்குப் போயிடுச்சு. யாருக்கு வேணும்னு எங்களுக்குத் தெரியாதாக்கா? சொல்லிடாதீங்க. எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அக்கா நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். டாக்டர் கையெழுத்து இல்லாமல் நாற்காலி கூடாது என்ற நிபந்தனையைச் சங்கத்தின் தலையில் கட்டியது வேறு யாருமல்ல, நம் அறக்கட்டளைதான்.

"பொய் சொல்ல எனக்கு வராதும்மா," என்றார் அக்கா. "ஆனா எடுத்துட்டுப் போக விடமாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, திரும்பும் வழியில் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே தவறவிட்டதாகப் பின்னால் எங்களிடம் சொன்னார். தன் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

அடுத்த சில நாள்களில் மற்ற நாற்காலிகளையும் தேடிக் கண்டுபிடித்தார். வீடு மாறி வீடு போய், டயர் வழுக்கையாகி, கம்பி கட்டி, கயிறு கட்டி, எல்லாம் யாரையோ சுமந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றைத் தவிர. அது ஒரு கடையில் தண்ணீர் கேன் இழுத்துக்கொண்டிருந்தது. "ஏன்யா, கேனுக்குக் கால் வலிக்குதா?" என்று அக்கா கேட்ட கேள்வியில் கடைக்காரர் அன்றைக்கே அதைக் கழுவித் துடைத்துக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

கண்டக்டருக்கு விஷயம் தெரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்டயே பொய் சொன்னாங்களா! நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?" கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சொல்லித்தான் இருப்பேன். விதியாச்சே," என்றார்.

குழுக் கூட்டத்தில் அக்கா எதையும் மறைக்கவில்லை, தண்ணீர் கேன் உட்பட. "அப்போ விதியை மீறியிருக்காங்க," என்றார் தலைவர்.

"ஆமாங்க. ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் நீங்க என்ன முடிவு எடுத்தாலும் நானே போய் அவங்ககிட்ட சொல்றேன்."

தலைவர் வந்தார். தையல்காரம்மா வீட்டு வாசலில், உள்ளே போவதா வேண்டாமா என்று விறைத்து நின்றார். அக்கா வாயே திறக்கவில்லை. நாங்கள் அறிந்தவரை, அவர் கேள்வி கேட்காமல் நின்ற ஒரே இடம் அதுதான். தலைவரின் கண் மெல்லப் பலகைமேல் போயிற்று. மரக்கடைக்காரர் கண் வேறு எங்கே போகும்? குனிந்து, தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பலகை ஏன் இவ்வளவு செங்குத்தா இருக்கு? தள்ளறவங்களுக்கு மூச்சு வாங்காது?"

"நீளப் பலகை கிடைக்கலைங்க."

"மழையில வழுக்காது? தனியாவா தள்றே? முன் சக்கரம் ஏன் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?" பேசிக்கொண்டே அவர் உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வந்த தேநீர் ஆறியது, கேள்விகள் ஆறவில்லை. ஜன்னலோரத்து மனிதர் குழறிய நாவால் பதில் சொல்ல, மனைவி அதை எடுத்துச் சொல்ல, தலைவர் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்.

டாக்டர் கையெழுத்து நிபந்தனை அடுத்த கூட்டத்தில் நீக்கப்பட்டது. அந்த ஆண்டின் உதவி புது நாற்காலிகளுக்குப் போகவில்லை. பழையவற்றைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைக்குப் போயிற்று. நீளப் பலகைகள் தலைவரின் கடையிலிருந்து வந்தன. கண்டக்டர் இப்போது கொட்டகையில் உட்காருவதில்லை. டயரும் ஸ்பேனருமாகத் தெருத்தெருவாய்ப் போகிறார்.

அன்பு நிறைந்த அம்மையாரே! தாங்கள் இன்று எங்களை விட்டுச் செல்கிறீர்கள். வாடுவது நாங்கள் மட்டுமல்ல; வேறொரு கவலையும் இவ்வவையில் உண்டு. நேற்று அழைப்பிதழ் கொடுக்கத் தங்கள் இல்லம் வந்தபோது, தங்கள் கணவர் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பிரிச்சுக் குடுத்த கேள்வி, இனிமே எனக்கு ஒருத்தனுக்கேவா?"

ஐயா, ஆமாம்! தங்களுக்கே! ஆனால் அஞ்ச வேண்டாம். இவர் கேட்பது குற்றம் காண அல்ல என்பதை நாங்கள் அனுபவித்து அறிந்தவர்கள்.

அம்மையாரே! மூட்டு நோகாமல் மாடியேறவும், கண் மங்காமல் காண்பன காணவும், காலைதோறும் புதிதாய் ஒன்றை அறிந்து வியக்கவும், பல்லாண்டு நலமோடு தாங்கள் வாழ்க! ஒன்றே ஒன்று வேண்டுகிறோம்: வீட்டில் பதில் கிடைக்காத நாளில், இங்கே வந்து எங்களைக் கேளுங்கள்.

தங்கள் பின்னால் படியேறப் பழகிய,
அறக்கட்டளைப் பணியாளர்கள்