கலண்டரில் இருந்த நம்பர்

– கூகுள் பதினஞ்சு ஜீபீ சும்மா தருவான். ட்ரொப்பொக்ஸ்காரன் ரெண்டுதான். இதுல என்ன யோசின, ஜெமீலா?

– யோசிக்கத்தானே வேணும், றவூப் காக்கா. போன தரம் யோசிக்காமத்தானே உங்கட கையில குடுத்தம்.

– என்ட கையில குடுத்து என்ன கெட்டுப் போன? காத்தான்குடியில பாதி ஊட்டுக்கு ஈமெயில் திறந்து குடுத்தது இந்தக் கைதான். அது சரி, உங்கட புருசன் இப்றாஹிம் ஏன் வெயிலுக்க பைக்கில நிக்கிறாரு? உள்ள வந்து காத்தாடிக்குக் கீழ இரிக்கச் சொல்லுங்க.

– அவருக்குப் போன் வேலையெண்டா அலுப்பு. நிக்கட்டும். நீங்க சொல்லுங்க, படம் வீடியோ வெக்கிறதுக்கு எது பத்திரம்?

– பத்திரம் ரெண்டு வகை, புள்ள. நம்மட சாமான் தொலையாம இரிக்கிறது ஒரு பத்திரம். அடுத்தவன் பாக்காம இரிக்கிறது இன்னொரு பத்திரம். ரெண்டும் ஒரு கடையில கிடைக்கிறது கஷ்டம். கூகுள் எண்டா பாஸ்வேர்ட் மறந்தாலும் பயமில்ல. நாம குடுத்து வெச்ச போன் நம்பருக்கு ஒரு கோட் வரும். அதப் போட்டாக் கதவு திறந்திரும். வெளங்குதா?

– வெளங்குது. நம்பர் ஆர்ட கையில இரிக்கோ, பூட்டுத் திறப்பும் அவன்ட கையில.

– கெட்டிக்காரி. ஓட்டமாவடி ஹாஜியார் ஒராள் இரிக்காரு, அவருக்கு இத ஏழு தரம் சொல்லியும் ஏறல்ல. பதினஞ்சு ஜீபீயையும் ஆட்டுப் படத்தால நிரப்பி வெச்சிரிக்காரு. ஒவ்வொரு ஆட்டுக்கும் பேர் வேற.

– நிஸ்மியாட கணக்குக்கு எந்த நம்பர் குடுத்தீங்க, காக்கா?

– தங்கச்சிக்கா? அது கன காலம். அப்பெல்லாம் வாற எல்லாருக்கும் கடை நம்பரத்தான் குடுத்தன். பொம்புளப் புள்ளையள் நம்பர மாத்தி மாத்தித் திரியுங்கள். வாப்பாமார் கோவம் வந்தா சிம்ம ஒடச்சிப் போடுவாங்க. மறுகா கணக்குப் பூட்டிட்டு எண்டு இந்த வாசல்லதான் வந்து அழுவாங்க. அதால ஊருக்கே ஒரு திறப்பு.

– நல்ல வேல. ஊரே உங்கட சட்டைப் பைக்குள்ள.

– பைக்குள்ள என்ன, மேச லாச்சிக்குள்ள கிடந்தது. சிரிக்காதீங்க, அப்ப எனக்கு அது ஒரு பெருமை.

– மெகா எண்டு ஒண்டு சொன்னீங்களே, அது எப்பிடி?

– அது வேற சாமான். இருவது ஜீபீ சும்மா. பூட்டு இறுக்கம். பாஸ்வேர்டும் போயி, அவன் தாற மீட்புத் திறப்பும் போனா, அவனாலயே திறக்க ஏலாது. மறதிக்காரருக்கு நான் அதச் சொல்லிக் குடுக்கிறல்ல.

– நீங்க எதுல வெச்சிரிக்கீங்க?

– மெகாவுலதான். வேற ஒண்டுமில்ல, மகள்ட வீடியோ மட்டும்.

– ஸஹீதாட வீடியோவா?

– ஓம். டெங்குல மவுத்தாகி மூணு வருசம். என்ட போன் ஆத்துக்குள்ள விழுந்திட்டு. கூகுளும் நிரம்பி வழிஞ்சது. எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டு அங்க அழிச்சிட்டன். இந்தா, இந்தக் கொம்பியூட்டர்லயே திறந்துதான் கிடக்கு. கேளுங்க, "வாப்பா, கடையப் பூட்டிட்டு வாங்க, சோறு ஆறுது" எண்டு கூப்பிர்றா. அஞ்சு வயசு. அதட்டலப் பாருங்க.

– வேற எங்கயும் கொப்பி எடுத்து வெக்கல்லியா?

– இல்ல. எல்லாத்தையும் ரெண்டு எடத்துல வைங்க எண்டு ஊருக்குச் சொல்ற வாய் இது. மேசன்ட ஊட்டுலதானே கூரை ஒழுகும். ஸஹீதாட உம்மா, உம்மு குல்தூம், ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதிட்டுத் தன்ட போன்ல இதத் திறந்து பாப்பா. பாத்த பொறகுதான் எனக்குத் தேத்தண்ணி.

– கை தவறி இதுல அழிஞ்சா?

– குப்பைத் தொட்டிக்குள்ள போய்க் கிடக்கும். எடுக்கலாம். தொட்டியையும் காலியாக்கினா அவ்வளவுதான், அழுதாலும் வராது. என்னகா இது, வெக்கிறதக் கேக்க வந்து அழிக்கிறதையே கேக்கிறீங்க?

– பயந்தவளுக்குக் கேள்வி கூடத்தான். நிஸ்மியாட பழைய போன் திருத்தத் தந்தம், கிடக்கா?

– உள்ளுக்க அலுமாரியில கிடக்கும். இரிங்க, தேடி எடுத்திட்டு வாறன். அதுவரைக்கும் கொம்பியூட்டரத் தொட்டுப் பழகுங்க. கடிக்காது.

– பழகுறன்.

– இந்தா, கண்டெடுத்திட்டன். பேட்டரி ஊதிக் கிடக்கு. என்ன புள்ள, முகம் வெளிறிப் போச்சு?

– எனக்கொண்டுமில்ல. காக்கா, நிஸ்மியாட கலியாணம் ஏன் நிண்டது எண்டு தெரியுமா?

– ஏறாவூர்ப் பொடியன்ட ஊட்டார் வேணாமெண்டிட்டாங்க எண்டு கேள்வி. காரணம் தெரியா.

– மருதோண்டி போட்ட அண்டு பொம்புளயள் மட்டும் இருந்து எடுத்த படம். தலையில துணி இல்ல, முடிய விரிச்சுப் போட்டு ஆடிக்கொண்டிரிக்கா. அவள்ட போன்ல எடுத்தது தானாக் கூகுளுக்குப் போயிரிக்கி. அங்க புகுந்து ஒருத்தன் எடுத்து, பொடியன்ட வாப்பாவுக்கு அனுப்பியிரிக்கான். நிக்காஹ்வுக்கு முந்தின வெள்ளிக்கிழம. இப்ப அவ அறைய விட்டு வெளிய வாறல்ல. பூனைக்கு வெக்கிற மாதிரி வாசல்ல சோத்த வெச்சிட்டு வாறன்.

– யா அல்லாஹ். வல்லாஹி, எனக்கு இது தெரியாது.

– தெரியாம இரிக்குமா? உள்ள புகுந்தவனுக்குக் கோட் போன நம்பர்ட கடைசி ரெண்டு இலக்கத்தக் கூகுள் காட்டுது. எங்கட குசினிச் செவத்துல உங்கட கடைக் கலண்டர் ஒண்டு தொங்குது. மக்காப் படம் போட்டது எண்டு உம்மா கழட்ட விடல்ல. அதுல இரிக்கிற நம்பரும் அதே இலக்கத்துலதான் முடியுது. கண்டுபிடிச்சுக் காட்டினதே அவருதான். "இது றவூப்ட நம்பர் தானே, அந்தாள விட்டிராத" எண்டாரு.

– ஆரு, இப்றாஹிமா?

– ஓம். எங்கட குடும்பத்துக்குத் துடிச்ச ஒரே மனிசன் அவருதான். அந்த நம்பருக்கு அடிச்சுப் பாத்தன், போகுதில்ல. செய்த வேலையச் செய்திட்டு நிப்பாட்டி வெச்சிரிக்கீங்க.

– ஜெமீலா, கொஞ்சம் பொறுங்க. அந்த நம்பர்...

– பொறுத்தது காணும். பொலிசுக்குப் போகல்ல, கத்தியும் கொண்டு வரல்ல. நீங்களே வாய் நோகாமப் படிச்சுத் தந்தீங்க. நீங்க அலுமாரியக் கிண்டின நேரம் எல்லாத்தையும் தொட்டிக்குள்ள போட்டன். தொட்டியையும் காலியாக்கிட்டன்.

– என்னத்தக் காலியாக்கின?

– திரையப் பாருங்க.

– இல்ல. இதுக்குள்ள ஒண்டும் இல்லியே. புள்ள, விளையாடாதீங்க. எங்க தூக்கி வெச்சீங்க, சொல்லுங்க.

– ஸஹீதாவும் இப்ப அறைக்குள்ள போயிட்டா, காக்கா. கதவு திறக்க மாட்டா.

– உம்மு குல்தூம்ட போன்லயும் இதே கணக்குத்தானே. அங்கயும் போயிருக்குமே.

– அஸருக்குப் பாங்கு சொல்றாங்க, கேக்குதா? தொழுதிட்டு வந்து திறப்பா. நாங்களும் அப்பிடித்தான் ஒரு நாள் போனத் திறந்து அந்தப் படத்தப் பாத்தம்.

– அந்தப் புள்ள உங்களுக்கு என்னகா செய்த?

– நிஸ்மியா உங்களுக்கு என்ன செய்த?

– நான் செய்யல்ல. அந்த சிம் என்னட்ட இல்ல. நான் அதக் குடுத்துக் கன நாள்.

– கடைப் பலகையில புது நம்பர் எழுதினாக் களவு மறைஞ்சிருமா?

– ஏன் புது நம்பர் எழுதின எண்டு கேளுங்க. பழைய நம்பர் சொல்ல லேசு, யாவாரத்துக்குத் தாங்க எண்டு ஒராள் கேட்டு நிண்டாரு. நோம்புக்கு முந்திக் குடுத்தன். சிம் இன்னும் என்ட பேர்லதான், அதக் கூட மாத்தல்ல. மறுகா ஒரு நாள் வந்து, "இதுக்கு ஆர்ட ஆர்டயோ கோட் எல்லாம் வருதே, என்னத்துக்கு?" எண்டாரு. நான் மடையன். இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரித்தான் சிரிச்சுச் சிரிச்சு வெளங்கப்படுத்தினன். ஊருக்கே ஒரு திறப்பு எண்டு.

– பேரச் சொல்லுங்க. பேரில்லாத ஆளுக்கு மேல பழியப் போடாதீங்க.

– நிஸ்மியாவுக்குச் சீதனமாக் குடுக்க உங்கட வாப்பா கட்டின புது ஊடு, அது இப்ப என்ன செய்யுது?

– ஏன் அதக் கேக்கிறீங்க? சும்மா கிடந்தது. கலியாணம் நிண்ட மற்றக் கிழமையே முன் அறையில அவரு புடவக் கடை போட்டிட்டாரு. அதுக்கும் இதுக்கும் என்ன?

– அவர்ட கடைக்குப் பேர்ப் பலகை அடிச்சாச்சா? அதுல என்ன நம்பர் போட்டிரிக்கி?

– பலகையில இன்னும் நம்பர் போடல்ல. கொஞ்ச நாள் போகட்டும் எண்டு சொன்னாரு.

– வெயிலுக்க நிக்கிற உங்கட மாப்பிள்ளய உள்ள கூப்பிடுங்க, ஜெமீலா. அந்த சிம்ம என்ட கையால அவர்ட போன்லதான் போட்டுக் குடுத்தன்.