சுத்தமான கரண்ட்

ஸ்பீக்கரை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரைப் பிறகு தேடுகிறவன் முட்டாள். நான் அந்த வகை. உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் துண்டும் எண்ணெயும் விற்கிற கடை எனக்கு. சீசன் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம், ஆள் சத்தம், குரங்குச் சத்தம். அதனால் மேலகரத்து வீட்டிலாவது நல்லதாக ஏதாவது கேட்க ஆசைப்பட்டேன். கொச்சிக்குப் போய் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கினேன். காரின் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டேன். அவற்றின் அட்டைப் பெட்டிகள் முன்சீட்டில். கூட வந்த என் மனைவி மஞ்சு பஸ்ஸில் திரும்பினாள்.

பழைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் ஒலி உடைந்தது. கொஞ்சம் கூட்டினாலும் வயலின் தகரத்தைக் கீறுவதுபோல இருந்தது. தென்காசியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கிங்ஸ்லி வந்து, பெட்டியைத் தொட்டுவிட்டுச் சூடு தாங்காமல் கையை உதறினார்.

"அண்ணாச்சி, ஸ்பீக்கர் நாலு ஓம். இந்தப் பெட்டி எட்டு ஓமுக்கு உள்ளது. அது கேக்குத கரண்ட்ட இது எப்படிக் குடுக்கும்? வேற வாங்குங்க."

வாங்கினேன். கிங்ஸ்லியும் நானும் சேர்ந்து தூக்கி வைத்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வலியோடு உட்கார்ந்து கேட்டேன். வயலின் கம்பியில் வில் படுகிற மெல்லிய உரசல்கூடக் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. இடுப்பு வலியாலும் வந்திருக்கலாம்.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். சுந்தரபாண்டியன், என் ஒரே அண்ணன். போலீசில் ஏட்டாக இருந்தவர். அண்ணி இறந்தபின் எங்களோடுதான் இருந்தார். நுரையீரல் கெட்டுப்போனதால் பின்னறையில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்குக் குழாயோடு கூடத்து வாசல்வரை வந்து நின்று கேட்டார்.

"பழசுல கேட்டதுதானலே இதுலயும் கேக்குது," என்றார்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

சாரல் தொடங்கியதும் கரண்ட் ஏறி இறங்கியது. புதுப் பெட்டிக்கு ரோஷம் அதிகம். வோல்டேஜ் ஆடினால் பாட்டின் நடுவில் தானே அணைந்துவிடும். "அதுக்கு சுத்தமான கரண்ட் வேணும் அண்ணாச்சி. இன்வெர்ட்டர்ல போட்டா நிக்காது," என்றார் கிங்ஸ்லி.

வீட்டில் நல்ல இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. கரண்ட் போனாலும் அப்பாவின் மெஷின் நிற்கக்கூடாது என்று அண்ணன் மகள் அபர்ணா பெங்களூரிலிருந்து வந்து மாட்டிக்கொடுத்தது. இரண்டையும் சேர்த்து அது தாங்காது. அதனால் மெஷினைச் சாதாரண லைனுக்கு மாற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரை இன்வெர்ட்டரில் போட்டேன். வயரை மாற்றியது யார் என்று கேட்டீர்களே, நான்தான்.

"அது மூச்சு விடுததுக்கு வச்ச கரண்டுல்லா," என்றாள் மஞ்சு. சாரல் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன் என்றேன்.

அண்ணனும் கேட்டார். "ஏலே, கரண்டு போச்சுன்னா?"

"மெஷின் கத்தும்ணே. பக்கத்துலதான் சிலிண்டர் இருக்கு. ஓடியாந்து மாத்திருதேன்."

"செரி. நீதான் இங்கனயே இருக்கியே."

என்னை நம்பினார். நாலைந்து முறை நானும் ஓடினேன் ஐயா, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் ஆலாபனை சூடு பிடிக்கிற இடத்தில் எழுந்து ஓடினேன். மின்வாரியத்துக்கு ரசனை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சு ராயகிரியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். மதியம் நான் தனி வயலின் போட்டு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போனது. மேலே ஃபேன் நின்றது. பாட்டு நிற்கவில்லை. கிங்ஸ்லி சொன்னது சரிதான் என்று சந்தோஷப்பட்டேன். பின்னறையில் மெஷின் கத்த ஆரம்பித்தது.

மழையில் எதுவும் கேட்கவில்லை என்று மஞ்சுவிடமும் அபர்ணாவிடமும் சொன்னேன். அது மழையே இல்லை, வெறும் தூறல். மெஷின் கத்தியது எனக்குக் கேட்டது. பிறகு அண்ணன் சுவரில் தட்டினார். சிலிண்டரைத் திறக்க அவர் கையில் பலம் இருக்காது என்று எனக்குத் தெரியும். பிறகு கூப்பிட்டார். ஆயுள் முழுக்க என்னை ஏலே என்றே கூப்பிட்டவர், அன்று முழுப்பெயரையும் சொன்னார்.

"குற்றாலீஸ்வரா."

நான் ஒலியைக் கூட்டினேன்.

அண்ணன் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. எனக்கு அவர்மேல் பாசம் உண்டு, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த ஆலாபனை முடிந்ததும் எழுந்து போகத்தான் இருந்தேன். அது முடிந்தது. ஆனால் தட்டிய சத்தத்தில் நல்ல இடங்களெல்லாம் கெட்டுப்போயிருந்தன. ஒழுங்காகக் கேட்டமாதிரி இல்லை. அதனால் திரும்ப முதலிலிருந்து போட்டேன்.

இரண்டாவது தடவை எந்தத் தொந்தரவும் இல்லை.