ஒரே வயரில் இருந்தவள்

ராத்திரி மணி ஏழரை இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கினால் கிடங்குவரைக்கும் நீளச் சாலை… ஈ காக்காய் கிடையாது. அதில் ஒற்றை ஆளாக நடந்து போனவர் என் சிநேகிதனின் மாமா. எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் குறுக்கே கேட்காதீர்கள். போர்வையை இழுத்துக்கொண்டு நெருங்கி உட்காருங்கள்.

மாமா அந்தக் கிடங்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் மெக்கானிக். அத்தையும் அங்கேதான் பில் அடித்தாள். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு மாமாவுக்கு வீட்டில் பேச்சுத்துணை அக்கா மகன் ஒருவன்தான், அதாவது என் சிநேகிதன். அவனும் எப்போதும் செல்லும் கையுமாகவே இருப்பான்.

ஆபீஸில் எல்லா மெஷினும் ஒரே வயரில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு மெஷினும் சேதியை ஒரு கட்டாகக் கட்டித்தான் வயரில் அனுப்பும். அதற்கு ஃப்ரேம் என்று பெயர். பழைய மெஷின் ஒருவிதமாகக் கட்டும், புதியது வேறுவிதமாக. கட்டு மாறினால் போச்சு… பக்கத்து மேஜையில் இருந்தாலும் ஒன்று இருப்பதே இன்னொன்றுக்குத் தெரியாது. மாமா எல்லாவற்றையும் புது ஃப்ரேமுக்கு மாற்றினார். அத்தையின் மெஷினில் மட்டும் கை வைக்க மனசு வரவில்லை. பாவி மனுஷன், அதை அணைக்கவும் இல்லை.

விடிந்தால் அதைத் தூக்கிவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். உள்ளே இருந்ததைக் காப்பி எடுக்கத்தான் மாமா தன் மெஷினைப் பழைய ஃப்ரேமுக்குத் திருப்பினார்.

டொக். திரையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் எழுத்து.

"எத்தனை தடவை கூப்பிடுறது… காதுல விழலையா?"

மாமா சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம்… தைல வாசனை. அத்தை இருமலுக்கு நெஞ்சில் தடவுவாளே, அதே தைலம். அடுத்த அறையில் கீபோர்டு சத்தம். டக் டக்… டக். ஓடிப்போய்ப் பார்த்தார். நாற்காலி காலி.

பயந்து ஓட வேண்டியவர் அழுதார். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்றுதானே இத்தனை மாதமும் ஏங்கினார். திரும்பி வந்து, "இருக்கியாம்மா?" என்று அடித்தார்.

"எங்க போவேன்?"

வெகுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது தன் மெஷினைப் புது ஃப்ரேமுக்குத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பினால் அவள் போய்விடுவாள். மாமா அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

கேட்டில், "வரேன்ப்பா" என்றார். வாட்ச்மேன் நிமிரவே இல்லை. கை காட்டிய பஸ் நிற்காமல் போனது. திட்டிக்கொண்டே வீடுவரை நடந்தார்… கதவைத் தட்டினார்.

அக்கா மகன் திறந்தான். மாமாவின் முகத்துக்கு நேராகப் பார்த்தான். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"டேய், நான்தான்டா" என்றார் மாமா.

"யாரையும் காணோமே" என்று முணுமுணுத்தபடி அவன் கதவைச் சாத்தினான். மாமா கத்தினார். கை வலிக்க வலிக்கத் தட்டினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அப்போது தோளுக்குப் பக்கத்தில் அத்தை நின்றாள்.

"விடுங்க, நம்ம குரல் கேக்காது. நானும் தினம் இதே வாசல்ல வந்து தட்டுனேன். நீங்களும் இப்படித்தான்… என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கதவைச் சாத்துனீங்க."